உப்பளத்தில் நான் உட்கார்ந்த நாள்

ஸ்டெல்லா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று போனில் உன் குரலைக் கேட்ட பிறகு அப்படிக் கேட்டால் பொய்யாக இருக்கும். நீ அழுது முடித்துப் போனை வைத்ததும் உன் அப்பா, "என்னவாம்?" என்றார். "கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லிட்டாளாம். ஆபீஸ்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்" என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "உன் பொண்ணு" என்றார். அவ்வளவுதான். கோபத்தில் சொன்னாரா, வேறு எதில் சொன்னாரா என்று இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் எனக்குப் பிடிபடவில்லை.

நீ கடைசியாகச் சொன்ன ஒன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "நீங்க செஞ்சதைப் பாத்துதாம்மா நானும் இப்படிச் செஞ்சேன். ஆனா நீங்க தோத்துட்டீங்கல்ல" என்றாய். போனில் எனக்கு வாய் வரவில்லை. வராததற்குக் காரணம் நீ சொன்னது சரி என்பதில்லை. அதற்குப் பதில் நீளமானது, நீ விக்கிக்கொண்டிருந்தாய். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ஆல்பர்ட்டிடம் காட்டு, அவன் அம்மாவிடம் காட்டு, உன் மேனேஜரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளித்துப் படிக்க வேண்டியது ஒன்றும் இதில் கிடையாது.

முதலில் உன் விஷயத்தை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் கம்பெனி செய்திருக்கிற வண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் தானாக ஓடி, துணி மூட்டையும் மருந்துப் பெட்டியும் வார்டுக்கு வார்டு கொண்டுபோய்க் கொடுக்கும். அதன் லேசர் முழங்கால் உயரத்தில் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது. நடப்பவரைப் பார்க்கும், சக்கர நாற்காலியைப் பார்க்கும். முழங்காலுக்குக் கீழே இருப்பதை அதன் மேலேயுள்ள கேமராதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கேமரா படித்த பாடமெல்லாம் ஆள் நடமாட்டமில்லாத, பளபளவென்ற வெளிநாட்டு ஆஸ்பத்திரி வராந்தாக்களின் படங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வந்தவர்கள் வராந்தாவில்தான் படுக்கிறார்கள், தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டு. நீ போர்வைக்குள் ஒரு பொம்மையைக் கிடத்திச் சோதித்தாய். வண்டி அதைத் தரைவிரிப்பு என்று எடுத்துக்கொண்டு மேலே ஏறியது. மறுபடி வைத்தாய், மறுபடி ஏறியது. உன் மேனேஜர், "அங்க யாரும் படுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சிடுவாங்க, நீ கையெழுத்து போடு" என்றார். நீ போடவில்லை. இப்போது, செய்தது தப்பு என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டுக் கையெழுத்தும் போட்டால் திரும்ப வரலாம் என்கிறார்கள். ஆல்பர்ட்டோடு கல்யாணம் அடுத்த மாதம். இதுதானே?

இனி என் கதையைக் கேள். நீ அப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் சொந்தக்காரர்கள் சொன்னது. "ஒங்கம்மா புத்தி கெட்டுப்போய் உப்புல போய் உக்காந்துட்டாங்க, லேப்பைப் புடுங்கிட்டாங்க." நீ கேட்டபோது நானும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பரீட்சைக்குப் படி" என்று சொல்லிவிட்டேன்.

மரக்காணத்து உப்பளத்தை எங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பக்கம். தட்டையான தரை. மரமில்லை, சுவரில்லை, பஸ் லாரி இல்லை. தானாக ஓடும் வண்டிக்கு இதைவிட எளிய இடம் கிடைக்காது என்று நானும் என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த செல்வமும் நினைத்தோம். பாத்தியிலிருந்து வாரிய உப்பைப் பெண்கள் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வரப்பில் நடந்து மேட்டுக்குக் கொண்டுபோவதைத்தான் நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாயே. அந்தச் சுமையை ஒரு சின்ன வண்டி சுமக்கட்டும் என்பதுதான் எண்ணம். அரசாங்கத் திட்டம் ஒன்றில் உதவியும் கிடைத்தது. நான் பாடம் எடுக்கிற கல்லூரியில் லேப் என்று எனக்கு ஒரு அறையைக் கொடுத்து, கதவில் என் பெயரையும் எழுதினார்கள்.

உப்பளத்தில் இறக்கிய முதல் நாளே அந்த இடம் எவ்வளவு கடினம் என்று தெரிந்துவிட்டது. சுவரும் மூலையும் இருந்தால்தான் லேசர் அவற்றில் பட்டுத் திரும்பும், வண்டியும் தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டுகொள்ளும். இங்கே எந்தப் பக்கம் அனுப்பினாலும் பட்டுத் திரும்ப ஒன்றும் இல்லை. பாத்தியில் நிற்கும் தண்ணீரில் பட்ட ஒளி கண்ணாடியில் பட்டதைப் போல வேறு திசைக்குத் தெறித்துப் போய்விடும். திரும்பி வராத ஒளியை எங்கள் புரோகிராம் பள்ளம் என்று எடுத்துக்கொண்டது. கணுக்கால் நனையாத தண்ணீருக்கு முன்னால் பாழுங்கிணற்றைக் கண்ட மாதிரி வண்டி நின்றுவிடும். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்தான் அஞ்சலை. "இன்னா டீச்சரம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்பட்டுக்கினு நிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேமராவும் லேசருக்குச் சளைத்ததில்லை. தண்ணீரில் தெரிந்த மேகத்தைக் கண்டு அது குழம்பியது. வெயில் ஏற ஏற வெள்ளை உப்பில் பட்ட ஒளியில் அதற்குக் கண்ணே தெரியவில்லை. சேற்றில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றிய கணக்கை வைத்து வண்டி, தான் அடுத்த பாத்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பும். ஜிபிஎஸ் எந்தப் பாத்தி என்று சொல்லும், வரப்பின் எந்த ஓரம் என்று சொல்லாது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். ஒரு சென்சார் சொல்வதை இன்னொன்று மறுத்தால் எந்த நேரத்தில் எதை நம்புவது என்று அதற்குக் கற்றுக்கொடுத்தோம். இரண்டு கோடை அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்தது அந்த இரண்டு கோடைகளில்தான். உடம்பெல்லாம் உப்புப் பூத்து வீட்டுக்கு வருவேன். அப்பா, "உள்ள வராத, மொதல்ல குளி" என்பார்.

வாரிய உப்பை வரப்போரம் சிறு சிறு குவியலாக வைப்பார்கள். வண்டி அந்தக் குவியலைத் தேடிப்போய் ஒட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் பெண்கள் நாலடி சுமக்காமல் அப்படியே அள்ளிப் போடலாம். குவியலையும் தடை என்று நினைத்து அது தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஆகவே இந்த உயரத்துக்குள், இந்த வடிவத்தில், வெள்ளையாக இருந்தால் குவியல், கிட்டே போ என்று விதி எழுதினோம். எழுதச் சொன்னது நான். ஆளைக் கண்டால் நிற்க வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது, அதுதான் பெரிய விதி. ஆனால் ஆள் என்றால் எப்படி இருப்பார் என்பதை அது நகரத்துத் தெருப் படங்களிலிருந்து படித்திருந்தது. நிற்கிறவர்கள், நடக்கிறவர்கள், பை மாட்டியவர்கள், சைக்கிள் தள்ளுகிறவர்கள். ஆளை அடையாளம் காண உலகம் முழுக்க எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் படங்கள் அவை. நாங்களும் பயன்படுத்தினோம்.

அன்று அஞ்சலை புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார், வெளுத்த வெள்ளை. தலையில் துண்டைக் கவிழ்த்திருந்தார். பாதத்தில் வெட்டுப்பட்ட இடத்தில் உப்பு ஏறி எரிகிறதென்று வரப்போரம் முதுகைக் காட்டிக் குந்தி, துணி சுற்றிக்கொண்டிருந்தார். வண்டி பாரத்தோடு வந்தது. அவரைப் பார்த்தது. பார்க்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது பதிவு செய்ததைப் பின்னால் நானே போட்டுப் பார்த்தேன். அவரைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, குவியல் என்று பெயர் வைத்து, நேராக அவரிடம் போனது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. நான் கத்தினேன். செல்வம் நிறுத்தும் பொத்தானை அமுக்குவதற்குள் அவரைத் தள்ளி, காலில் ஏறி நின்றது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினோம். கெண்டைக்காலுக்குப் பக்கத்தில் எலும்பு முறிந்திருந்தது. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அஞ்சலை என் கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "அது ஏன் என்னைப் பாத்து வந்துச்சு?"

கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு பதில் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "ஒங்களை உப்புக் குவியல்னு நெனச்சிடுச்சு. நாங்க அதுக்குச் சொல்லிக் குடுத்ததுல தப்பு இருக்குது." அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "மேஸ்திரி பரவால்ல" என்றார். "அவன் திட்டுறதுக்காவது ஆளுன்னு நெனைப்பான்." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. போகட்டும் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதவில்லை. ஆனால் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கல்லூரியில் முதல்வர் கூப்பிட்டார். திட்டத்துக்கு உதவி தருகிற இடத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வரவிருந்தது. நடந்ததை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் மேஜைமேல் தள்ளி வைத்துவிட்டு, ரொம்ப மெதுவாகப் பேசினார். "அந்தம்மா வேலை நடக்குற எல்லைக்குள்ள வந்துட்டாங்கன்னு மாத்திடுங்க மேடம். ஆஸ்பத்திரி செலவெல்லாம் நாம பாத்துக்கலாம்." எல்லை என்று ஒன்று இருக்கவில்லை, அது உப்பளம், அவர்கள் வேலை செய்கிற இடம் என்றேன். "சரி, அப்படின்னா அன்னிக்கு வண்டியை செல்வம் ரிமோட்ல ஓட்டட்டும். வேன் பின்னாடி நின்னுக்கட்டும். பாக்குறவங்களுக்கு தானா ஓடுற மாதிரி இருந்தா போதும். மிச்சத்தை அடுத்த வருஷம் சரி பண்ணிக்கலாம்." நான் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஒங்க கையெழுத்து இல்லாட்டியும் ரிப்போர்ட் போகும். அதையும் யோசிச்சுக்குங்க" என்றார். நல்ல மனிதர்தான், ஸ்டெல்லா. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் மேனேஜரும் அநேகமாக நல்ல மனிதர்தான். இப்படிப்பட்ட காரியத்தைக் கேட்டு வருகிறவர்கள் கெட்ட முகத்தோடு வருவதில்லை, அதனால்தான் மறுப்பது அவ்வளவு கூச்சமாக இருக்கிறது.

கல்லூரியிலிருந்து ஒருவர் அஞ்சலையிடமும் போயிருக்கிறார். தான்தான் குறுக்கே வந்ததாக அஞ்சலை சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்று பேசியிருக்கிறார். மறுநாள் நான் போனபோது அஞ்சலை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "நான் என் வேலை செய்யிற எடத்துல உக்காந்துக்கினு இருந்தேன் டீச்சரம்மா. அதுதான் என் எடத்துக்கு வந்துச்சு. இதை நான் எவன் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவேன்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "நீ எப்படிச் சொல்லப் போற?" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வானூர் தாலுகா ஆபீசில் வாழ்நாளெல்லாம் கோப்புகளோடு இருந்தவர் அவர். "போட்டுக் குடுத்துட்டு வா" என்றார். "நான் போட்ட கையெழுத்துல பாதி எனக்குப் புடிச்சா போட்டேன்? பொண்ணு படிச்சிட்டு இருக்குது." உன்னைக் காரணமாகச் சொன்னார். அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. பயந்த மனிதர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார்.

குழு வந்த நாளன்று நல்ல வெயில். சாமியானா போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். முதல்வர் பேசினார், மாலை போட்டார்கள். செல்வத்தை வேனுக்குப் பின்னால் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்கள். நான் செல்வத்தின் கையைப் பிடித்து, "ரிமோட் வேணாம். நிறுத்துற பொத்தான் மட்டும் கையில வெச்சிக்கோ. வண்டியை அதுபாட்டுக்கு விடு" என்றேன். பிறகு வெள்ளைச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கவிழ்த்து, வரப்பில் நடந்து போய், குழுவுக்கு நேர் எதிரே, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன். திட்டம் போட்டுச் செய்தது என்று சிலர் சொல்கிறார்கள். சட்டையும் துண்டும் பையில் இருந்ததால் திட்டம் என்றே வைத்துக்கொள். ஆனால் உண்மையில் எழுந்து நடக்கிற வரைக்கும் நான் செய்வேனா என்று எனக்கே தெரியாது.

முதுகுக்குப் பின்னால் மோட்டார் சத்தம் கேட்டது. அஞ்சலைக்குக் கேட்காதது எனக்கு நன்றாகவே கேட்டது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த வண்டி அது. ஒவ்வொரு கம்பியும் எனக்குத் தெரியும். அது எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கும், எந்த இடத்தில் தயங்கும் என்பதெல்லாம் தெரியும். அது தயங்கவே இல்லை. என்னைக் கண்டுபிடித்துவிட்ட நிச்சயத்தோடு வந்தது. யாரோ "ஏம்மா, எழுந்திரு" என்று கத்தினார்கள். ஜெபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உன் முகம்கூட வரவில்லை. எழுந்துவிடாதே என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். செல்வம் பொத்தானை அமுக்கியபோது முன் சக்கரம் என் புடவைத் தலைப்பின்மேல் நின்றது. தலைப்பை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. முனை கிழிந்து வந்தது. எழுந்து நின்று குழுவைப் பார்த்து, "இது இன்னும் ஆளைக் கண்டுபிடிக்காதுங்க. போன மாசம் அஞ்சலைன்னு ஒரு அம்மாவோட காலை ஒடைச்சிடுச்சு. தப்பு வண்டியோடது, எங்களோடது. அவங்களோடது இல்ல" என்றேன். தமிழில்தான் சொன்னேன். பக்கத்துப் பாத்திகளில் நின்ற பெண்களுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

செல்வம் வேனுக்குப் பக்கத்தில் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது, "இன்னொரு தடவை இப்படிச் செஞ்சீங்கன்னா நான் பொத்தானைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவேன் மேடம்" என்றான். அவனை அந்த நிலையில் வைத்தது சரியில்லை. அதை அன்றே அவனிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு என்ன ஆயிற்று என்று ஊரே உனக்குச் சொல்லியிருக்கும். உதவியை நிறுத்தினார்கள். அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், கதவிலிருந்த பெயரைச் சுரண்டி எடுத்தார்கள். எனக்கு முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பொறியியல் வரைபட வகுப்பு எடுக்கிற வேலையைக் கொடுத்தார்கள், இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். செல்வம் வேறு இடத்துக்கு மாறி ஆராய்ச்சியை முடித்தான். அந்த வண்டி கல்லூரிப் பின்பக்கக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது, அதை உப்பளத்தில் இறக்க எனக்கு அனுமதி இல்லை. இதைத்தான் நீ தோற்றது என்கிறாய். உனக்கு அப்படித் தெரிவது நியாயம்.

இதையும் கேள். அஞ்சலைக்குக் கல்லூரி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தது. அவர்தான் குறுக்கே வந்தார் என்று எந்தத் தாளிலும் இல்லை. அடுத்த கோடையில் நான் சொந்தக் கேமராவை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் உப்பளத்துக்குப் போனேன். குந்தியிருக்கிறவர்கள், குனிந்து வாருகிறவர்கள், கூடை முகத்தை மறைக்க நடக்கிறவர்கள், தார்ப்பாய் நிழலில் படுத்திருக்கிறவர்கள் என்று படம் எடுக்க வேண்டும். அஞ்சலை காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து என் முன்னால் நின்றார். "சும்மா புடிச்சிக்கினு போவ முடியாது. குந்தறதுக்குக் கூலி குடு. மூஞ்சி தெரியக் கூடாதுன்னு சொல்றவளுங்களை எடுக்காத" என்றார். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டேன். எல்லோரையும் அதட்டி உட்கார வைத்ததும், போதும் என்று கிளப்பிவிட்டதும் அவர்தான். என்னை அவர் மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று செல்வம் இணையத்தில் போட்டான். வயலில் ஓடுகிற வண்டி செய்கிறவர்கள், செங்கல் சூளைக்கு வண்டி செய்கிறவர்கள் என்று எங்கெங்கோ இருந்து எடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு இது உதவியது என்று ஒன்றிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், மற்றவர்கள் எழுதவில்லை. அதனால் யாருடைய கால் தப்பியது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. நடக்காமல் போன விபத்தை யார் வந்து சொல்வார்கள்? ஆனால் எனக்கு அந்த அறையும் கதவில் பெயரும் திரும்பக் கிடைத்து, மறுபடி செல்வத்தை அந்த வேன் பின்னால் ரிமோட்டோடு நிற்கச் சொன்னால், மறுபடி போய் அங்கேயே குந்துவேன். இதைத் தோல்வி என்று நீ சொன்னால் சொல்லிக்கொள். நான் சொல்ல மாட்டேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மெயில் அனுப்பாதே, கையெழுத்துப் போடாதே. நீ செய்தது தப்பில்லாதபோது தப்பு என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை நீ சரியாகச் சொல்வதையும் யாரும் நம்பத் தேவையில்லை என்று நீயே எழுதிக் கொடுத்ததாக ஆகும். என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு அழுதால் அந்த வண்டி போய்க்கொண்டேதான் இருக்கும். சோதித்ததைச் சோதித்தபடி எழுது. கோபமாக ஒரு வார்த்தை வேண்டாம். தரையைத் தொடுகிற உயரத்தில் இன்னொரு லேசர் வைக்கலாம், கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம், போர்த்திப் படுத்தவர்களின் படங்களை எடுத்துப் பாடம் சொல்லலாம். நீ என்னிடம் சொன்ன மூன்றையும் எழுது. உன் மேனேஜருக்கு மேலே இருப்பவருக்கு அனுப்பு. அவரும் கேட்காவிட்டால் அந்த ஆஸ்பத்திரிப் பொறுப்பாளரை நேரில் போய்ப் பார், விடிகாலையில் அவரோடு அந்த வராந்தாவில் ஒரு நடை நட. கால் வைக்க இடமிருக்கிறதா என்று அவரே பார்க்கட்டும். போர்டு வைத்தால் ஜனங்கள் எங்கே படுப்பார்கள் என்று அவரைக் கேள். தரையில் படுக்கிறவர்கள் ஆசைப்பட்டா அங்கே படுக்கிறார்கள்? இன்னொன்று, இதை உன் அம்மாவாகச் சொல்கிறேன்: அந்த வண்டி முன்னால் நீ போய்ப் படுக்கக் கூடாது. என்னைப் பார்த்து அதையும் செய்துவிடாதே. பொம்மை போதும்.

இன்று காலை ஆல்பர்ட்டின் அம்மா கிளியனூரிலிருந்து வந்திருந்தார்கள். வாழைப்பழச் சீப்போடு வந்து, உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, "ஒரே ஒரு மெயில் தானாங்க? அனுப்பிட்டா முடிஞ்சிடும்ல" என்றார்கள். "எங்க சொந்தக்காரங்கல்லாம் பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு கேப்பாங்க. வீட்ல உக்காந்திருக்குன்னா நல்லாவா இருக்கும்?" நான், "அவ வேலையை ஒழுங்கா பாத்ததாலதாங்க வீட்ல உக்காந்திருக்கா" என்றேன். அவர்கள் முகம் சுண்டியது. "கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படியே இருந்தா?" என்றார்கள். "இருப்பா" என்றேன். அவர்கள் காபியைத் தொடவில்லை. அப்போது உள்ளே இருந்த உன் அப்பா வாசல்படியில் வந்து நின்றார். அவர் சமாதானம் பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "காபி ஆறுதுங்க, குடிங்க" என்றார். "எங்க பொண்ணு மன்னிப்பு கேக்க மாட்டா. நானே கேக்கச் சொன்னாலும் கேக்க மாட்டா. நான் சொல்லப் போறதும் இல்ல." சொல்லிவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். இத்தனை வருடத்தில் அவர் இந்த வீட்டில் துணி எடுத்து நான் பார்த்ததில்லை.

ஆல்பர்ட் என்ன சொல்கிறான் என்று நீ என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஆனால் நீ சொல்லாததைக் கவனித்தேன். அவன் அம்மா பேசியது அவன் பேச்சு ஆகாது, அவனை நான் அதற்காகக் குற்றம் சொல்ல மாட்டேன். உன் அப்பாவும் அன்றைக்கு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னவர்தான். எத்தனையோ வருடம் கழித்து இன்றுதான் வாசலுக்கு வந்தார். நான் காத்திருந்தேன், எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நீ அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டுவிடலாம். இந்த வேலையில் இது முதல் முறைதான், கடைசி முறை இல்லை. இன்னொரு வண்டி வரும், இன்னொரு மேனேஜர் வருவார். அப்போது நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்து அவன் என்ன சொல்வான்? இதை அவன் முகத்தைப் பார்த்துக் கேள், போனில் கேட்காதே. அவன் பயமாக இருக்கிறது என்றால் அதில் தப்பில்லை, எனக்கும்தான் பயமாக இருந்தது. நீ மாற வேண்டும் என்றால் அது வேறு.

கோயிலில் பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது. அதற்கு முன்னால் அவனிடம் பேசிவிட்டு எனக்குப் போன் செய். அவன் பதில் உனக்குச் சரியாகப் படவில்லை என்றால் நீ யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், ஃபாதரிடம் நானே போய், வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சேலை எடுத்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று என்று வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சரியாகப் பட்டால் அவனையும் அழைத்துக்கொண்டு ஞாயிறு முதல் பூசைக்கு வந்து சேர். மூன்றாவது ஓலையை நாம் நாலு பேரும் முன்வரிசையில் இருந்து கேட்போம். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அம்மா